அடுத்த வளைவு கண்ணில் படக்கூடாது

முள்ளை யாரோ மறுபடியும் எடுத்துவிட்டார்கள். வளைவம்மா மூன்றாவது வளைவில் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் அவளும் வனக் காவலரும் கை கிழிய வெட்டி இழுத்து வந்து அடைத்த முள் கிளைகள் ஓரமாகக் கிடந்தன. மேல் வளைவிலிருந்து கீழ் வளைவுக்கு நேர்க்கோடாக, செருப்புக் கால்கள் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய மண் சறுக்கல் பளிச்சென்று தெரிந்தது. வந்த கோபத்தில் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் காவலரைத் திட்டினாள். அந்த மனிதர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

வளைவம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். வனத்துறையில் நில அளவை அவள் வேலை. ஊரை ஒட்டியிருக்கும் அரசுக் காட்டில், மோட்டார் வைத்த எதுவும் நுழையாமல், நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும் மலை உச்சி வரை போய்வர ஒரு பாதை வேண்டும் என்று முதலில் எழுதிப் போட்டவள் அவள்தான். அந்தக் கோப்பு எத்தனை மேசையில் தூங்கியது என்று கேட்டால் அவளே மறந்துவிட்டாள் என்பாள். மறக்கவில்லை, சொன்னால் வாயில் கெட்ட வார்த்தை வரும், அவ்வளவுதான்.

நேராகப் போனால் உச்சி கிட்டத்தில்தான் இருக்கிறது, எதற்கு இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும் என்று கேட்காத அதிகாரி கிடையாது. ஒவ்வொருவருக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதே பதிலைச் சொன்னாள். பாதை நேராகப் போனால் மழைத்தண்ணீரும் நேராக இறங்கும், இறங்கும்போது மண்ணை அள்ளிக்கொண்டு போகும். சைக்கிள் ஏறாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர் ஏற முடியாது. முட்டி போனவர்களும் மூச்சு வாங்குகிறவர்களும் கீழேயே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். பத்தடி நடந்தால் ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது. அதற்கு ஏழு வளைவு வேண்டும். ஏழில் ஒன்றைக் குறைத்தாலும் ஒப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர் அது.

பாதை போடுகிறவர்களுக்கு ஒரு பால பாடம் உண்டு. ஒரு வளைவில் நிற்கிறவர் கண்ணுக்கு அடுத்த வளைவு தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் கால் சும்மா இருக்காது. இதோ கீழேதானே இருக்கிறது என்று குறுக்கே இறங்கிவிடும். ஒருவர் இறங்கினால் தடம், பத்துப் பேர் இறங்கினால் வழி, ஒரு மழை பெய்தால் வாய்க்கால். அதனால்தான் அவள் சரிவுமானியைக் கண்ணில் வைத்துக்கொண்டு காடு முழுக்க அலைந்து, ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் அடர்ந்த புதரோ ஒரு பெரிய பாறையோ இருக்கும்படி பார்த்துப் பார்த்துப் பாதைக்கு அடையாள ரிப்பன் கட்டினாள்.

அப்படிக் கட்டியவளே அந்தப் புதர்களை வெட்டவும் செய்தாள். அதுதான் அவளுக்கு இன்று வரை தொண்டையில் நிற்கிறது.

திறப்பு விழாவுக்கு வருகிற பெரியவருக்கு இடுப்பு வலி, மலை ஏற மாட்டார், கீழே பந்தலில் உட்கார்ந்தபடியே பாதையைப் பார்க்க வேண்டும் என்று செய்தி வந்தது. முந்தின நாள் வன அலுவலர் வந்து அண்ணாந்து பார்த்தார். பச்சையாகக் காடு தெரிந்தது. பாதை எங்கே என்று கேட்டார். தெரியாமல் இருப்பதுதான் சார் பாதை என்று அவள் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதரை வெட்டாவிட்டால் விழா தள்ளிப்போகும் என்றார். அந்த அலுவலகத்தில் ஒன்று தள்ளிப்போனால் அது பிறகு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அரை நாள் வாதாடிவிட்டு, கடைசியில் அவளே சுண்ணாம்பு டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு போய் வெட்ட வேண்டிய புதர்களுக்கு அடையாளம் வைத்தாள். வேறு யாராவது வைத்தால் மரத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள் என்று ஒரு சமாதானம்.

புகைப்படம் என்னவோ அழகாகத்தான் வந்தது. மலை முழுக்க வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஏறியது. அதைப் பெரிதாக்கி அலுவலகத்தில் தண்ணீர் கேனுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் குடிக்கப் போகும்போதும் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இதில் அவளுக்குச் சொந்தமாக ஒரு காரியமும் இருந்தது. அவள் வீட்டுக்காரர் டைல்ஸ் அறுக்கும் பட்டறையில் பாதி ஆயுளைத் தூசியாகச் சுவாசித்தவர். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்று மருத்துவர் படம் பிடித்துக் காட்டினார். தினமும் நடக்க வேண்டும், மெல்லச் சரிவு ஏற வேண்டும், படி மட்டும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர்கள் குடியிருந்ததோ இரண்டாவது மாடி. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார், பாதி ஏறி உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஊர்க்கதை பேசிவிட்டு மீதியை ஏறுவார். தெருவில் நடக்கலாம் என்றால் வண்டிப் புகை. பாதை திறந்த பிறகு மனிதர் விடிந்ததும் மலைக்குக் கிளம்பிவிடுவார். முதல் வாரம் ஒரு வளைவு. அப்புறம் இரண்டு. மழைக்காலம் தொடங்கும்போது ஐந்தாவது வளைவு வரை ஏறுவதாகச் சொன்னார். உதட்டில் இருந்த நீலம் குறைந்திருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்ற பயம்தான்.

குறுக்கே இறங்குகிறவர்கள் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நடைக் கழகத்துக்காரர்கள்தான். பாதை வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்த அதே கூட்டம். ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு, ஏறும்போது மூச்சுப் பயிற்சி, இறங்கும்போது டீக்கடை ஞாபகம். அவர்கள் தலைவர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், அவள் சொன்னதையெல்லாம் கேட்டு நன்றாகத் தலையாட்டினார். மறுநாள் காலை அவரே முன்னால் இறங்கினார். குறுக்கே இறங்காதீர்கள் என்று பலகை வைத்தாள். பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு குறுக்கே இறங்கினார்கள்.

முதல் பெருமழையில் சறுக்கல் முழங்கால் ஆழப் பள்ளமாகிவிட்டது. அதற்காகவே காத்திருந்தவர் போலக் கட்டுமானப் பிரிவுப் பொறியாளர் வந்து பார்த்தார். அவரிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது, வரைபடத்தை அவளிடமே விரித்துக் காட்டினார். அடியிலிருந்து உச்சி வரை நேராகச் சிமெண்டுப் படி. மக்கள் எந்த வழியில் போகிறார்களோ அதுதான் வழி, நாம் யார் மாற்றுவதற்கு என்று சிரித்தபடி கேட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்து முடிவு செய்யும் என்றார் வன அலுவலர். வளைவம்மாவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. மலை உச்சி வரை படி என்றால் எண்ணி நானூறுக்குக் குறையாது. வீட்டுக்காரருக்கு முப்பது படிக்கே நாற்காலி வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்துதான் முள் அடைக்க ஆரம்பித்தாள். நடுவில் புதர்க் கன்றுகளையும் நட்டாள். இரண்டு மழை தாங்கினால் மறைத்துக்கொண்டு வளர்ந்துவிடும். ஆனால் முள்தான் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உறைத்தது. நடைக் கழகத்துக்காரர்கள் என்றால் முள்ளைக் காலால் எத்தித் தள்ளியிருப்பார்கள். இந்த ஆள் எடுத்து ஓரமாக அடுக்கி வைக்கிறார், முள் நுனியெல்லாம் காட்டுப் பக்கம் பார்த்திருக்கும்படி. கன்றுகளை மிதிக்காமல் வேறு போகிறார். பண்புள்ள திருடன் என்றார் காவலர். பண்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை அலுவலகத்தில் கூட்டம் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லி, வெயில் ஏறும் நேரத்தில் மூன்றாவது வளைவுப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

மேலிருந்து ஒருவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்தார். முள் கிளையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். தோளில் அவள் தைத்துக் கொடுத்த தண்ணீர் பாட்டில் பை.

அவள் எழுந்து முன்னால் வந்து நின்றாள். வீட்டுக்காரர் கையில் முள்ளோடு அப்படியே நின்றார்.

"எத்தனை நாளாங்க இது?" என்று கேட்டாள்.

"திட்டுறதுன்னா வீட்டுல போய்த் திட்டு. ஏறும்போது எல்லா வளைவும் சுத்தித்தான் ஏறுறேன், ஒண்ணு விடல. இறங்கத்தான் மூச்சு வேண்டாமே. முள்ளு யார் கால்லயாவது குத்திடும்னு ஓரமா வேற எடுத்து வச்சேன்."

"ஊரெல்லாம் நான் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். அஞ்சாவது வளைவு வரைக்கும் போறவருக்கு இறங்க என்ன அவசரம்?"

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "அஞ்சாவது இல்ல. மேல உச்சி பெஞ்சு வரைக்கும் போயிட்டேன். போன வாரத்துலேர்ந்து போறேன். உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு இருந்தேன். நீ ஆபீஸ் கிளம்புறதுக்குள்ள வீட்டுல இருந்தாத்தானே உனக்குத் தெரியாம இருக்கும், அதான் அவசரம்."

அவளுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, முதுகில் நாலு சாத்தவும் தோன்றியது. உச்சிவரை ஏறிவிட்டார். இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு, அவள் போட்ட சரிவில். அவளை நம்பாத அத்தனை அதிகாரிகளுக்கும் பதில் கையில் முள்ளோடு அவள் முன்னால் நின்றது. ஏறியவர் இறங்கும்போது அதே பாதையின் கழுத்தை அறுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் அழுகையும் வந்தது. நடுவில் புதர் இருந்திருந்தால் இவர் கண்ணுக்குக் கீழ் வளைவு தெரிந்தே இருக்காது. அதை வெட்டச் சொல்லிச் சுண்ணாம்பு வைத்த கை யாருடையது என்பதும் நினைவுக்கு வர, திட்ட வந்த வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவளே ஒரு யோசனை சொன்னாள். ஆய்வுக் குழு வருகிற அன்று அவர் முன்கூட்டியே ஏறிப் போய் உச்சி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். படம், கணக்கு எதுவும் வேண்டாம், அவரைப் பார்த்தாலே போதும். இறங்கும்போது எல்லோரோடும் சேர்ந்து வளைவு வளைவாகச் சுற்றி இறங்க வேண்டும். இனிமேல் குறுக்கே இறங்கினால் காலை ஒடித்துப் போடு என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

ஆய்வுக் குழுத் தலைவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெடுக்கென்று பேசாதவர், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர். இப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு எல்லோரும் ஏறினார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று அவள் விளக்கினாள். புதர் திரும்ப முளைக்க அவகாசம் வேண்டும், அதுவரை தடுப்புக்கு ஆள் வேண்டும் என்றாள். பொறியாளர் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேசாமல் வந்தார்.

உச்சியில் வீட்டுக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வெகுநேரமாக உட்கார்ந்து இளைப்பாறியிருந்ததால் பேச்சு தடையில்லாமல் வந்தது. பட்டறையைப் பற்றிச் சொன்னார், மருத்துவர் காட்டிய படத்தைச் சொன்னார், முதல் வாரம் ஒரு வளைவுக்கே உட்கார்ந்ததைச் சொன்னார். தலைவர் அவர் தோளில் கை வைத்து, இந்தப் பாதையை எடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வன அலுவலர் முகம் மலர்ந்தது. வளைவம்மா சந்தோஷத்தில் காவலரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அதற்கு முன் அவள் சிரித்துப் பார்த்ததில்லை.

அப்போதுதான் தூறல் விழுந்தது. எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். அளவு நாடாவையும் பலகைகளையும் நனையாமல் எடுத்து வைக்க அவளும் காவலரும் கொஞ்சம் பின்தங்கினார்கள். முன்னால் தலைவரும் வீட்டுக்காரரும் பேசியபடி போனார்கள். மேலிருந்து இரண்டாவது திருப்பத்தில் தலைவர் நின்றார். வெட்டிய புதர் வழியே கீழ் வளைவு தெரிந்தது, அதற்கும் கீழே இன்னொன்று, எல்லாவற்றுக்கும் கீழே அவருடைய வண்டி. இப்படிப் போனால் நனையாமல் போய்விடலாம் போலிருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே ஒரு காலைச் சறுக்கலில் வைத்தார்.

வீட்டுக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான். அதற்குள் தலைவருக்குக் கால் வழுக்கியது. பெரிய மனிதர் விழப் போகும்போது வாக்கு நினைவுக்கு வருமா? தடத்தின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தவர் அவர்தானே. கையைக் கொடுத்தார். கொடுத்த கையை விடவில்லை. அவர்கள் பின்னால் வன அலுவலர், பொறியாளர், மற்றவர்கள், வரிசையாக, அவள் நட்ட கன்றுகளின் மேலேயே மிதித்து இறங்கினார்கள்.

அவள் திருப்பத்தில் நின்றாள். கீழே நடப்பதெல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது. அவர்கள் வண்டியை அடைந்தார்கள். யாரோ குடை பிடித்தார்கள். பொறியாளர் வண்டி முகப்பின் மேல் வரைபடத்தை விரித்தார். வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, தலைவர் சிரித்தார். குறுக்கே இறங்கினால் அவளும் ஓட்டமாகப் போய் அந்த வரைபடத்தின் மேல் கை வைத்துவிடலாம். ஒரு கால் தானாகவே முன்னால் போனது. பக்கத்தில் காவலர், இத்தனை நாள் அவளோடு முள் வெட்டிய கையோடு, அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வளைவில் திரும்பி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் போட்ட பாதை இவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் அவள் உடம்பு தெரிந்துகொண்டது. மீதி ஐந்து வளைவும் ஓடிக் கீழே போனபோது தலைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றார் தலைவர். "உங்க வீட்டுக்காரர் சொன்னது எனக்கு ரொம்ப நியாயமாப் பட்டுது. ஏறுறதுக்கு வளைவு, இறங்குறதுக்குப் படி. ரெண்டும் இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"சார், படி வந்தா வளைவு இருக்க முடியாது சார். அந்த வரைபடத்துல..."

அவளுக்கு மூச்சு இரைத்தது. சொல்லி முடிக்க முடியவில்லை. ரெண்டும் இருக்கட்டும் என்றுதானே சொல்லியிருக்கிறேன் என்று அவர் பொறுமையாகச் சிரித்தார். மழை வலுக்க, கண்ணாடி ஏறியது. பொறியாளர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே அவளைப் பார்க்காமல் அடுத்த வண்டியில் ஏறினார்.

வீட்டுக்காரர் முகமெல்லாம் பூரிப்பாக வந்தார். எப்படி அவர் வாயாலேயே உன் பாதையைக் காப்பாற்ற வைத்தேன் பார்த்தாயா என்றார். பொறியாளர் ஒரேயடியாக வளைவு வேண்டாம் என்றாராம், இவர்தான் குறுக்கே புகுந்து ஏறுவதற்கு அவள் வழி, இறங்குவதற்கு எங்கள் வழி என்று ஒரு போடு போட்டாராம். தலைவருக்கு அது பிடித்துவிட்டதாம்.

அவள் அவரிடம் மெல்லமாகச் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. ஆத்திரத்தில் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. "படின்னா சும்மா படி இல்லைங்க. ரெண்டு பக்கமும் இடுப்பளவு சுவர். ஓரத்துல சாக்கடை மாதிரி கால்வாய். நேரா மேல வரைக்கும். வளைவு ஒவ்வொண்ணையும் அது நடுவுல வெட்டிட்டுப் போகுது. ஒவ்வொரு சுத்துக்கும் நீங்க சுவரேறிக் குதிக்கணும். சைக்கிள் போகாது, தள்ளுவண்டி போகாது, நீங்க போக முடியாது. அது அந்த இன்ஜினீயருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா நின்னாரு."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகுதான் போனது. திரும்பிப் பார்த்தார். தலைவரின் வண்டி காட்டு வாசலில் தடுப்புக் கம்பி தூக்குவதற்காக மெதுவாகிக்கொண்டிருந்தது. அவள் பிடிப்பதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். கையைத் தூக்கிக்கொண்டு, சேற்றில், பாட்டில் பை முதுகில் அடிக்க ஓடினார். நில்லுங்க என்று கத்திக்கொண்டே அவளும் பின்னால் போனாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டார். கம்பி மேலே எழும்பியது, வண்டிகள் போய்விட்டன.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. திட்டுவதற்கு வாய் நிறைய இருந்தது. இவரை, அந்தத் தலைவரை, பொறியாளரை, சுண்ணாம்பு டப்பாவோடு போன தன்னை. அவர் சட்டைப் பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்து, குலுக்கி, வாயில் வைத்து அழுத்தினாள். முதுகைத் தேய்த்தாள். உதடு மறுபடி நீலம் பூத்திருந்தது.

"எப்ப... ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார்.

"மழை விட்டதும்."

அவர் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். மழை அவர் முகத்தில் கொட்டியது.

"அப்ப... பெய்யட்டும்" என்றார்.

"பேசாம மூச்சு விடுங்க" என்றாள் அவள்.